மொபைல் பிராட்பேண்ட் மோடத்துக்கு இயக்கி எழுதுவது: எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது

கேள்வி இதுதான்: மடிக்கணினியில் பொருத்தும் எம்.2 வடிவ எல்டிஇ மோடம் ஒன்று கேட்டவரிடம் இருக்கிறது. அது உள்ளே யூஎஸ்பி வழியாகவே இணைகிறது. லினக்ஸ் அதைப் பாதி அடையாளம் கண்டு சில சீரியல் போர்ட்களை மட்டும் காட்டுகிறது. நெட்வொர்க் இண்டர்ஃபேஸ் எதுவும் தோன்றவில்லை. அவருக்குச் சி மொழி தெரியும், சிறிய கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) மாட்யூல்கள் எழுதிய பழக்கமும் உண்டு. இந்த மோடத்துக்கு முழுமையான இயக்கி (டிரைவர்) எழுத எங்கே தொடங்குவது, விண்டோஸுக்கும் எழுதுவதானால் வேலை எவ்வளவு மாறும் என்று கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் நீங்கள் எழுத வேண்டியிருப்பது ஏற்கெனவே கெர்னலில் உள்ள ஓர் இயக்கியின் அட்டவணையில் ஒரே ஒரு வரிதான். அதற்கு மேல் எழுத வேண்டி வந்தாலும், இந்த வகைச் சாதனத்தில் இயக்கி எவ்வளவு குறைவாகத் தெரிந்துகொள்கிறதோ அவ்வளவுக்கு அது நீண்ட நாள் உழைக்கும் என்பதே என் அனுபவம். ஏன் அப்படி என்பதற்கு மோடம் எப்படிப்பட்ட பொருள் என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

மொபைல் மோடம் ஒரு தனிக் கணினி. அதற்கெனச் செயலி, நினைவகம், சொந்த இயங்குதளம் எல்லாம் உண்டு. கோபுரத்தைத் தேடுவது, பதிவு செய்வது, சிம் அட்டையோடு பேசி அடையாளத்தை நிரூபிப்பது, ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது என்று மொபைல் வலைகளுக்கான 3ஜிபிபி தரநிலைகள் வகுத்த அத்தனை வேலையும் அதற்குள்ளேயே நடக்கிறது. பல வைஃபை அட்டைகளில் இணைப்பு அடுக்கின் கணிசமான பகுதியைக் கணினியின் கெர்னலே செய்ய நேர்கிறது; அந்த அனுபவத்தோடு வருபவர்கள் இங்கேயும் அப்படி ஏதோ இருக்கும் என்று நினைத்து ஏமாந்துபோகிறார்கள். கணினியின் பக்கத்திலிருந்து பார்த்தால் மோடத்துக்கு இரண்டே வழிகள்தான். ஒன்று கட்டுப்பாட்டு வழி: பின் எண்ணைக் கொடு, ஏபிஎன் (நிறுவன வலையின் நுழைவுப் பெயர்) இது, இணைப்பைத் தொடங்கு, சிக்னல் எவ்வளவு என்பன போன்ற சிறு செய்திகள் போய்வருவது. மற்றொன்று தரவு வழி: ஐபி பாக்கெட்கள் போய்வருவது. இயக்கியின் கடமை இந்த இரண்டையும் சிதைக்காமல் சுமந்து செல்வது.

பழைய மோடங்களில் இந்த இரண்டு வழிகளும் ஒரே சீரியல் போர்ட்டில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடின. 1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடம் கொண்டுவந்த ஏடி கட்டளைகளை மொபைல் உலகம் எடுத்துக்கொண்டு விரிவாக்கியது. இன்றைக்கும் 3ஜிபிபியின் 27.007 என்ற ஆவணம்தான் அவற்றுக்கு ஆதாரம். கணினி *99# என்ற எண்ணுக்கு டயல் செய்யும், பிறகு பிபிபி என்ற பழைய டயல்-அப் நெறிமுறையில் பேசத் தொடங்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த பிபிபி உரையாடல் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சர்வர் வரை போவதே இல்லை. மோடம்தான் மறுமுனையாக நடிக்கிறது. அந்த நாடகத்துக்காக ஒவ்வொரு பைட்டையும் சோதித்து, எல்லைக்குறியாகப் பயன்படும் 126 என்ற மதிப்பு தரவுக்குள் வந்தால் அதை மாற்றி எழுதி, மறுமுனையில் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. 3ஜி வேகத்தில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்தது. எல்டிஇ வந்ததும் செல்லாக்காசாகிவிட்டது. உங்கள் லினக்ஸ் இப்போது காட்டும் சீரியல் போர்ட்கள் அந்தக் காலத்தின் எச்சம்தான். அவற்றைக் காட்டுவது ‘ஆப்ஷன்’ என்ற இயக்கி. அதன் மூல நிரலைத் திறந்து பார்த்தால் பெரும்பகுதி சாதன எண்களின் அட்டவணையாகவே இருக்கும்.

இன்னொரு மரபையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பழைய யூஎஸ்பி டாங்கிள் ஒன்றை வைத்துச் சோதித்தால் முதலில் இதில்தான் முட்டிக்கொள்வீர்கள். ஹுவாவே ஈ220 போன்ற டாங்கிள்கள் செருகியவுடன் மோடமாகத் தோன்றாமல் சிடி டிரைவாகத் தோன்றும். அந்தப் போலி சிடிக்குள் விண்டோஸுக்கான நிறுவல் கோப்புகள் இருக்கும். நிறுவல் முடிந்தபின் விண்டோஸ் மென்பொருள் ஒரு கட்டளை அனுப்ப, சாதனம் யூஎஸ்பியிலிருந்து விலகி மோடமாக மறுபிறவி எடுக்கும். லினக்ஸில் இதைச் செய்வது ‘யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ என்ற பயனர்வெளி நிரல், அதாவது கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல். இணையத்தில் 55534243 என்று தொடங்கும் நீண்ட எண்சரங்களைப் பலர் மந்திரம் போல ஒட்டிவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் மந்திரம் எதுவும் இல்லை. அந்த நான்கு பைட்களும் ஆஸ்கியில் யூ, எஸ், பி, சி என்ற எழுத்துகள். யூஎஸ்பி சேமிப்புச் சாதனங்களுக்கு அனுப்பும் 31 பைட் கட்டளை உறையின் முத்திரை அது. உறைக்குள் இருப்பது பல சாதனங்களில் சிடியை வெளியே தள்ளு என்ற சாதாரண ஸ்கசி கட்டளை. ஒரு காலத்தில் இந்த வேலையைக் கெர்னலுக்குள்ளேயே சில சாதனங்களுக்குச் செய்தார்கள். பிறகு பயனர்வெளிக்குத் தள்ளினார்கள். சரியான முடிவு.

இனி உங்கள் மோடத்துக்கு வருவோம். எதையும் எழுதுவதற்கு முன் அதன் யூஎஸ்பி டிஸ்கிரிப்டர்களை (சாதனம் தன்னைப் பற்றித் தரும் விவரங்களை) முழுமையாக வாசியுங்கள். ஒவ்வொரு இண்டர்ஃபேஸின் வகுப்பு எண்ணையும் பாருங்கள். வகுப்பு 2, துணை வகுப்பு 14 என்று ஓர் இண்டர்ஃபேஸ் இருந்தால் உங்கள் சாதனம் எம்பிஐஎம் என்ற மொபைல் பிராட்பேண்ட் நெறிமுறையைப் பேசுகிறது. அது யூஎஸ்பி அமைப்பு 2011இல் வெளியிட்ட பொதுத் தரநிலை என்பதால், சாதன எண் எதுவாக இருந்தாலும் லினக்ஸும் விண்டோஸும் தம்மிடம் உள்ள பொது இயக்கியை அதற்குப் பொருத்திவிடும். எல்லா இண்டர்ஃபேஸ்களும் 255 என்று, அதாவது தயாரிப்பாளரின் சொந்த வகை என்று சொன்னால், யார் எதற்கு என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். குவால்காம் சில்லு உள்ள மோடமானால் ஒன்று கண்டறி போர்ட், ஒன்றிரண்டு ஏடி போர்ட்கள், ஒன்று கியூஎம்ஐ என்ற கட்டுப்பாட்டு நெறிமுறையோடு தரவையும் சேர்த்துச் சுமக்கும் இண்டர்ஃபேஸ் என்று அமைந்திருப்பதே வழக்கம். இந்தக் கடைசி இண்டர்ஃபேஸை 2012இல் லினக்ஸ் 3.4இல் சேர்ந்த ‘கியூஎம்ஐ டபிள்யூவான்’ இயக்கிக்கு அறிமுகப்படுத்தினால் போதும்; நெட்வொர்க் இண்டர்ஃபேஸ் தோன்றிவிடும். உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால் ஆப்ஷன் இயக்கி எல்லா இண்டர்ஃபேஸ்களையும் சீரியல் போர்ட் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த அட்டவணையில் குறிப்பிட்ட இண்டர்ஃபேஸை இந்த இயக்கி தொடக்கூடாது என்று ஒதுக்கிவைக்க வழி உண்டு. கெர்னலைத் திரும்பத் தொகுக்காமலேயே, கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் வழியாகச் சாதன எண்ணைத் தற்காலிகமாகச் சேர்த்துச் சோதித்தும் பார்க்கலாம்.

இது போதாதென்றால்தான் உண்மையான இயக்கி எழுதும் வேலை தொடங்குகிறது.

கட்டுப்பாட்டு வழியில் எம்பிஐஎம், கியூஎம்ஐ இரண்டுமே யூஎஸ்பி தொடர்பு வகுப்பின் ஒரே பழைய பொறிமுறையை நம்பியிருக்கின்றன. கணினி தன் செய்தியைச் சுழி எண்ட்பாயிண்ட் (சாதனத்தின் கட்டுப்பாட்டு வாசல்) வழியாக உறையிட்ட கட்டளையாக அனுப்பும். பதில் தயாரானதும் மோடம் இண்டரப்ட் எண்ட்பாயிண்டில் பதில் இருக்கிறது என்று மட்டும் தட்டிச் சொல்லும். கணினிதான் போய் அதை எடுத்துவர வேண்டும். லினக்ஸில் ‘சிடிசி டபிள்யூடிஎம்’ என்ற இயக்கி இதைச் செய்து, செய்திகளைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு எழுத்துச் சாதனக் கோப்பாகப் பயனர்வெளிக்குக் கொடுக்கிறது. காகிதத்தில் எளிமையான இந்த ஏற்பாடு நடைமுறையில் கவிழும் இடம், ஒரு தட்டலுக்கு ஒரு பதில் என்ற கணக்கு. நான் ஒருமுறை வேலை பார்த்த சாதனத்தில் எல்லாப் பதில்களும் ஒரு படி பின்தங்கி வந்தன: சிக்னல் கேட்டால் முன்பு கேட்ட சிம் நிலையின் பதில் வரும், அடுத்து எதையாவது கேட்டால்தான் சிக்னலின் பதில் வெளியே வரும். பூட்டுகளிலும் நூலிழைகளிலும் பிழையைத் தேடி மூன்று நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால், இரண்டு பதில்கள் அடுத்தடுத்துத் தயாரானபோது அந்த ஃபர்ம்வேர் (மோடத்துக்குள் ஓடும் மென்பொருள்) ஒரே ஒரு தட்டலோடு நிறுத்திக்கொண்டிருந்தது. ஒரு பதில் உள்ளே தங்கிவிட, அன்றிலிருந்து வரிசை முழுவதும் நகர்ந்துவிட்டது. அதன் பிறகு, தட்டல் வந்தால் மோடத்தின் கையிருப்பு தீரும்வரை எடுக்க வேண்டும் என்பதை நான் வழக்கமாகவே வைத்துக்கொண்டேன். எழுத்துச் சாதனக் கோப்பை யாரும் திறக்காதபோது சிடிசி டபிள்யூடிஎம் இயக்கி இண்டரப்ட் எண்ட்பாயிண்டைக் கேட்பதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். திறந்த கணத்தில் பழைய தட்டல்கள் தேங்கி நிற்கக்கூடும்.

வேறொரு மௌனமும் உண்டு. குவால்காமின் பிற்காலச் சில்லுகள் பலவற்றில், கணினி தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் சீரியல் காலத்து டிடிஆர் சிக்னலை உயர்த்துவதற்கு இணையான யூஎஸ்பி கட்டளையை அனுப்பினாலொழிய கியூஎம்ஐ வாயே திறக்காது. டிஸ்கிரிப்டர்கள் சரி, இயக்கி பொருந்திவிட்டது, ஆனால் முதல் கேள்விக்கே பதில் இல்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அட்டவணையில் அதற்கெனத் தனிக் கொடி இருக்கிறது.

இந்தச் செய்திகளின் பொருளைக் கெர்னல் புரிந்துகொள்ள வேண்டுமா என்பதில்தான் இயங்குதளங்களின் வரலாறு பிரிந்து பிறகு கூடுகிறது. லினக்ஸில் தயாரிப்பாளர்கள் கொடுத்த சில தனி இயக்கிகள் கியூஎம்ஐ உரையாடலைக் கெர்னலுக்குள்ளேயே நடத்தின. முதன்மைக் கெர்னலில் சேர்ந்த கியூஎம்ஐ டபிள்யூவான் இயக்கி அதை மறுத்து, எல்லா அறிவையும் பயனர்வெளியில் விட்டது. மோடங்களை நிர்வகிக்கும் மோடம்மேனேஜர் நிரலும் அதன் துணை நூலகங்களான லிப்கியூஎம்ஐ, லிப்எம்பிஐஎம் ஆகியவையும் அந்த அறிவைச் சுமக்கின்றன. ஒரு நிறுவனம் தன் ஃபர்ம்வேரில் புதுச் செய்தி ஒன்றைச் சேர்த்தால் கெர்னலைத் தொட வேண்டியதில்லை என்பது இதன் பெரும் இலாபம். மைக்ரோசாஃப்ட் 2009இல் விண்டோஸ் 7உடன் வேறு வழியை எடுத்தது. விண்டோஸின் நெட்வொர்க் இயக்கி முறையான என்டிஐஎஸ் 6.20இல் மொபைல் பிராட்பேண்டுக்கென ஓஐடி எனப்படும் கோரிக்கைகளின் தொகுப்பை வகுத்தது: சாதனத்தின் திறன், சிம்மின் தயார்நிலை, ரேடியோ, பின் எண், பதிவு, இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென இணைப்பு மென்பொருள் கொடுத்து மேசையை நிரப்பிய காலம் அது. அதை ஒழித்து வைஃபை போலவே இயங்குதளமே இணைப்பை நடத்த வேண்டும் என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால் விலை என்னவென்றால், அந்தக் கோரிக்கைகளைத் தத்தம் நெறிமுறைக்கு மொழிபெயர்க்கும் மினிபோர்ட் இயக்கியை ஒவ்வொரு தயாரிப்பாளரும் எழுத வேண்டியிருந்தது. பதில் தாமதமாகும் கோரிக்கைகளில் இயக்கி அங்கேயே காத்திருக்கக் கூடாது. பின்னர் அறிவிப்பேன் என்று உடனே திரும்பி, மோடம் பதில் தந்ததும் தனி அறிவிப்பாக மேலே அனுப்ப வேண்டும். இதில் சறுக்கியவர்கள் பலர்.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எம்பிஐஎம் பேசும் பொது வகுப்பு இயக்கியை இயங்குதளத்துடனேயே கொடுத்துவிட்டது. தரநிலையை மதிக்கும் யூஎஸ்பி மோடத்துக்கு அதன் பிறகு தயாரிப்பாளர் இயக்கி எழுத வேண்டிய தேவையே இல்லை. மொழிபெயர்ப்பு வேலை ஃபர்ம்வேருக்குள் போய்விட்டது. பிற்பாடு விண்டோஸ் 10இல் வந்த எம்பிபிசிஎக்ஸ் என்ற நீட்சியைக் கவனித்தால் போக்கு இன்னும் தெளிவாகும்: யூஎஸ்பி அல்லாத பஸ்ஸில் அமர்ந்த மோடத்துக்கு இயக்கி எழுதுபவரிடமும் விண்டோஸ் எம்பிஐஎம் செய்தியை அப்படியே கொடுத்து, கொண்டுபோய்ச் சேர், பதிலைக் கொண்டுவா என்கிறது. ஆக, உங்கள் கேள்வியின் விண்டோஸ் பகுதிக்குப் பதில் இதுதான்: மோடத்தை எம்பிஐஎம் முறைக்கு மாற்ற ஃபர்ம்வேர் இடம்கொடுத்தால், மாற்றிவிட்டு விண்டோஸ் இயக்கி எழுதும் எண்ணத்தையே கைவிடுங்கள். பல மோடங்களில் ஓர் ஏடி கட்டளையே இதைச் செய்யும். எது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

தரவு வழியில் முதல் எதிரி எண்ணிக்கை. எல்டிஇ நான்காம் வகை மோடம் இறக்கத்தில் நொடிக்கு 150 மெகாபிட் தரும். 1500 பைட் பாக்கெட்களாகப் பார்த்தால் அது நொடிக்கு 12,500. யூஎஸ்பி 2.0இன் பல்க் (மொத்தத் தரவு) பரிமாற்றம் 512 பைட் துண்டுகளாக நடக்கிறது. அதைவிடச் சிறிய துண்டு வந்தால் பரிமாற்றம் முடிந்தது என்று பொருள். 1500 பைட் பாக்கெட்டின் மூன்றாவது துண்டு 476 பைட்தான் என்பதால் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு தனிப் பரிமாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறைவு அழைப்பு. சிறிய ரூட்டர் செயலி இதிலேயே மூச்சுத் திணறிவிடும். என்சிஎம் என்ற இன்னொரு யூஎஸ்பி நெட்வொர்க் தரநிலையிலிருந்து எம்பிஐஎம் கடன் வாங்கிய தீர்வு, பல பாக்கெட்களை ஒரே பொட்டலமாகக் கட்டுவது: 12 பைட் தலைப்பு, எந்தப் பாக்கெட் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று சொல்லும் சுட்டிப் பட்டியல், பிறகு பாக்கெட்கள். 16 கிலோபைட் பொட்டலத்தில் பத்து முழுப் பாக்கெட்கள் அடங்கும். 12,500 நிறைவு அழைப்புகள் 1,250 ஆகிவிடும். அனுப்பும் திசையில் பொட்டலம் நிறையட்டும் என்று எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது தீர்ப்புக்குரிய விஷயம். லினக்ஸின் என்சிஎம் இயக்கி இயல்பாக 400 மைக்ரோநொடி காத்திருக்கிறது. காத்திருப்பை நீட்டினால் வேகச் சோதனை அழகாக வரும், தொலைமுனையத்தில் தட்டச்சு செய்பவருக்கு எரிச்சல் வரும்.

பிரிக்கும் நிரலை எழுதும்போது, அந்தச் சுட்டிப் பட்டியலைத் தந்தது மோடம் என்பதையும், மோடம் இன்னொருவர் எழுதிய கணினி என்பதையும் ஒரு கணமும் மறக்காதீர்கள். தொடக்க இடமும் நீளமும் பஃபருக்குள் அடங்குகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். இரண்டையும் கூட்டும்போது எண் வழிந்துவிடாமலும் பார்க்க வேண்டும். ஒரு பட்டியல் அடுத்த பட்டியலைச் சுட்டலாம் என்பதால், தன்னையே சுட்டும் பட்டியல் ஒன்று வந்தால் கெர்னல் முடிவில்லாமல் சுற்றும். லினக்ஸின் எம்பிஐஎம் இயக்கி இதற்காகவே ஐம்பது சுற்றுகளுக்கு மேல் போகாதபடி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஏன் ஐம்பது என்பதற்குக் காரணம் இல்லை, ஏதோ ஒரு வரம்பு வேண்டும் என்பதற்காக வைத்தது என்று அதன் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. இப்படிப்பட்ட நேர்மையான குறிப்புகளை மூல நிரலில் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

பொட்டலத்தைவிடச் சுவையானது போலி ஈதர்நெட்டின் கதை. மொபைல் வலையில் ஈதர்நெட் என்ற ஒன்றே இல்லை. போய்வருவது வெறும் ஐபி பாக்கெட். ஆனாலும் இயங்குதளத்துக்குப் பழக்கமான முகத்தைக் காட்டுவதற்காக, குவால்காம் மோடங்கள் நெடுங்காலம் ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் 14 பைட் ஈதர்நெட் தலைப்பை ஒட்டி அனுப்பின. முகவரி கேட்டால் உள்ளிருந்தே டிஎச்சிபி பதிலும் கொடுத்தன. இந்த நடிப்பில் பல ஃபர்ம்வேர்களுக்குக் கவனம் தப்பும். சில சமயம் தலைப்பை ஒட்டவே மறந்து வெறும் ஐபி பாக்கெட்டை அனுப்பிவிடும். எப்போது மறக்கும் என்று இயக்கிக்கு முன்கூட்டியே தெரிய வழியில்லை. சில சமயம் தலைப்பு இருக்கும், பெறுநர் முகவரி தப்பாக இருக்கும்.

கியூஎம்ஐ டபிள்யூவான் இயக்கி இதைச் சமாளிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஐபி 4 பாக்கெட்டின் முதல் அரை பைட் 4 ஆக இருக்கும், ஐபி 6 ஆனால் 6. ஈதர்நெட் சட்டத்தின் முதல் பைட்டோ பெறுநரின் மேக் (வன்பொருள்) முகவரியின் முதல் பைட். உள்ளே வரும் பாக்கெட்டுக்குப் பெறுநர் நாம்தான். ஆகவே முதல் அரை பைட் 4 அல்லது 6 என்றால் தலைப்பு விடுபட்டுப்போனது என்று கண்டு, இயக்கியே ஒரு தலைப்பைப் புனைந்து ஒட்டிவிடுகிறது. நம் மேக் முகவரியே தற்செயலாக 4 அல்லது 6இல் தொடங்கினால் என்ன செய்வது? அங்கேதான் கைவண்ணம். இரும எண்ணில் 4 என்பது 0100, 6 என்பது 0110. இரண்டிலும் பொதுவாக ஒரு பிட் எரிகிறது. முகவரியின் முதல் பைட்டில் அந்த ஒரு பிட்டை அணைத்துவிட்டால் நம் முகவரி எந்நாளும் ஐபி தலைப்போடு குழம்பாது. இயக்கி அதைத்தான் செய்கிறது. உள்ளூர் முகவரி என்று குறிக்கும் பிட்டையும் ஏற்றிவிடுகிறது. வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை, எந்தப் பயனரும் எதையும் அமைக்க வேண்டியதில்லை.

பிறகு வந்த சில்லுகள் போலித் தலைப்பையே கைவிட்டு வெறும் ஐபி மட்டுமே பேசத் தொடங்கின. 2016இல் லினக்ஸ் 4.5இல் இதே இயக்கிக்கு அந்த முறையும் சேர்ந்தது. இதில் ஒரு பொறி இருக்கிறது: எந்த வடிவில் அனுப்புவது என்று மோடத்தோடு பேசுவது பயனர்வெளி, அதற்கேற்ப வாசிப்பது கெர்னல், இரண்டும் வேறு வேறு முடிவில் இருந்தால் இணைப்பு வெற்றி என்று வரும், முகவரி வரும், ஒரு பாக்கெட் கூட நகராது. அனுப்பிய எண்ணிக்கை ஏறுகிறது, பெற்ற எண்ணிக்கை அசையவில்லை என்றால் ரேடியோவைக் குறைசொல்லும் முன் இந்த ஒப்பந்தத்தைச் சரிபாருங்கள்.

எம்பிஐஎம் ஈதர்நெட் தலைப்பைத் தொடக்கத்திலிருந்தே வைத்துக்கொள்ளவில்லை. அப்படியும் சில எம்பிஐஎம் சாதனங்கள் ஐபி 6இல் பக்கத்து வீட்டு முகவரியை விசாரிக்கும் செய்தியை அனுப்பி, பதில் வராவிட்டால் முரண்டு பிடிக்கின்றன. முகவரி விசாரணையே இல்லாத இணைப்பு என்று அறிவித்திருப்பதால் கெர்னலின் ஐபி 6 அடுக்கு அதற்குப் பதில் தராது. எனவே இயக்கியே அந்தச் செய்தியை இனங்கண்டு பதில் எழுதுகிறது. இயக்கி எதையும் புரிந்துகொள்ளக் கூடாது என்று நான் மேலே சொன்னதற்கு இவையெல்லாம் விதிவிலக்குகள். சாதனம் பொய் சொல்லும் இடத்தில் மட்டும், அந்தப் பொய்யின் அளவுக்கு மட்டும், இயக்கி புத்திசாலியாக இருக்கலாம்.

மின்சக்தி மேலாண்மையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பாக்கெட் எதுவும் போகாதபோது யூஎஸ்பி இணைப்பை உறங்கவைத்து, உள்ளே ஏதாவது வந்தால் மோடமே எழுப்ப வேண்டும். எழுப்பத் தெரியாத ஃபர்ம்வேர்களும் உண்டு. கணினி முழுவதும் உறங்கும்போது எம்.2 இடத்துக்கான மின்சாரமே துண்டிக்கப்படலாம். விழித்தால் அது வேறு முகவரியோடு புதிதாகச் செருகிய சாதனம் போல வரும். மோடத்தின் ஃபர்ம்வேர் தானாகவே விழுந்து எழுந்தாலும் இதே கதை. எனவே பயனர்வெளி கட்டுப்பாட்டுக் கோப்பைத் திறந்து வாசித்துக் காத்திருக்கும் அதே நொடியில் சாதனம் மறைந்துபோவது விபத்தல்ல, அன்றாடம். என் பழக்கம், இயக்கி முதல் பாக்கெட்டைக் கடத்திய அன்றே, பதிவிறக்கம் ஓடும்போது சாதனத்தை நூறு முறை மென்பொருளால் துண்டித்து இணைக்கும் சிறு நிரலை ஓடவிடுவது. பூட்டுப் பிழைகளில் பெரும்பாலானவை அதிலேயே வெளிவந்துவிடும்.

உங்கள் மோடம் யூஎஸ்பி என்பதால் பிசிஐ எக்ஸ்பிரஸ் மோடங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 5ஜி மோடங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டன. அங்கே வகுப்புத் தரநிலை என்ற ஒன்று இல்லாததால் இயக்கிகள் பெரியவை. குவால்காமின் எம்எச்ஐ பஸ் 2020இல் லினக்ஸ் 5.7இலும், எல்லா மோடங்களுக்கும் பொதுவான டபிள்யூவான் கட்டமைப்பு 2021இல் 5.13இலும், மீடியாடெக்கின் டி700 மோடத்துக்கான இயக்கி 2022இல் 5.19இலும் சேர்ந்தன. இந்தக் கட்டமைப்பின் கீழ் ஏடி, எம்பிஐஎம், கியூஎம்ஐ எதுவானாலும் கட்டுப்பாட்டு வழிகள் ஒரே பெயர்முறையில் கோப்புகளாகத் தோன்றும். முன்பு எம்பிஐஎம் இயக்கி ஒரே மோடத்தின் பல ஐபி அமர்வுகளைப் பிரித்துக்காட்ட ஈதர்நெட் வலையைப் பல வலைகளாகப் பிரிக்கும் விலேன் குறிகளை இரவல் வாங்கியிருந்தது. இங்கே அதற்கு முறையான வழி இருக்கிறது. கையில் வன்பொருள் இல்லாமலேயே பழக விரும்பினால் ‘டபிள்யூவான் எச்டபிள்யூசிம்’ என்ற பாவனை இயக்கியைப் படியுங்கள். மிகச் சிறியது, தெளிவாக எழுதப்பட்டது.

ஒரு குறையை மட்டும் உங்கள் இயக்கியின் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். மடிக்கணினி நிறுவனங்கள் பொருத்தி அனுப்பும் சில மோடங்கள், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிகளைக் காரணம் காட்டி, குறிப்பிட்ட திறப்புக் கட்டளை வரும்வரை ரேடியோவை இயக்க மறுக்கும். மோடம்மேனேஜர் சில மோடங்களுக்கு முன்பு இதைத் தானாகச் செய்துவந்தது, 1.18.4 பதிப்பிலிருந்து பயனர் அனுமதித்தால் மட்டுமே செய்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் ரேடியோ மட்டும் எழவில்லை என்றால் அங்கே பாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியது: கெர்னலின் யூஎஸ்பிமான் வசதி மூலம் யூஎஸ்பி போக்குவரத்தைப் பதிவுசெய்து, அதைப் பிரித்துக்காட்டும் வயர்ஷார்க் நிரலில் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆப்ஷன் இயக்கியிடமிருந்து சந்தேகத்துக்குரிய இண்டர்ஃபேஸை விடுவித்து, கியூஎம்ஐ டபிள்யூவானிடம் சாதன எண்ணைத் தற்காலிகமாகச் சேருங்கள். கட்டுப்பாட்டுக் கோப்பு தோன்றியதும் லிப்கியூஎம்ஐயின் கட்டளைவரிக் கருவியால் மோடத்தின் பெயரைக் கேளுங்கள். பதில் வந்தால் வேலை முடிந்த மாதிரிதான், வராவிட்டால் டிடிஆர் கொடியோடு ஒருமுறை முயலுங்கள். இரண்டு அட்டவணைகளிலும் சேர வேண்டிய வரிகளைத் தனித்தனி ஒட்டுகளாக (பேட்ச்) அனுப்பும்போது, எந்த இண்டர்ஃபேஸ் கண்டறி, எது ஏடி, எது கியூஎம்ஐ என்பதை விளக்கக் குறிப்பில் எழுதி, ‘யூஎஸ்பி டிவைசஸ்’ நிரல் தரும் வெளியீட்டையும் அப்படியே ஒட்டிவிடுங்கள்; பராமரிப்பாளர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.